கேரியரைப் பிடித்த கை

ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்த மகள், "ஞாயித்துக்கிழமை விழாவுக்குப் பெரியம்மா வர்றாங்கம்மா. முன்னாடியே வந்து நம்ம வீட்லதான் தங்கப் போறாங்க" என்றாள்.

அடுப்பில் பால் வைத்திருந்தேன். பொங்கி வழிந்துவிட்டது.

"எந்தப் பெரியம்மா?" என்று கேட்டேன். தெரிந்தேதான் கேட்டேன்.

"எனக்கு எத்தனை பெரியம்மாம்மா இருக்காங்க?"

ஒருத்திகூடக் கிடையாது. அதுதான் விஷயம். நான் என் வீட்டில் ஒரே பெண். எனக்கு அக்காவும் இல்லை, தங்கையும் இல்லை. இவள் சொல்லும் பெரியம்மா, ஒரு காலத்தில் தொழிற்சாலைக் குடியிருப்பில் எங்கள் எதிர்வீட்டில் இருந்த கம்பவுண்டரின் மனைவி. மரியாதைக்காக நான் "அக்கா" என்று கூப்பிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு மகள் அவரைப் பெரியம்மா ஆக்கிவிட்டாள். அவர் பெரிய அம்மா என்றால் நான் யார், சின்ன அம்மாவா? இதை ஒருமுறை மாப்பிள்ளையிடம் கேட்டேன். மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் சிரிக்கச் சொல்லவில்லை.

ஊரின் எல்லையில், பஸ் கடைசியாக நின்று திரும்பும் இடத்தையும் தாண்டி இருந்தது அந்தக் குடியிருப்பு. எல்லா வீடும் ஒரே அச்சு. ஒரே மஞ்சள் சுவர், ஒரே பச்சைக் கதவு. இரவு ஷிப்ட் முடித்து வந்தவர்கள் தூக்கக் கலக்கத்தில் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டித் திட்டு வாங்கியதுண்டு. என் கணவர் லேத் பிரிவில் இருந்தார். நான் டவுன் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். அந்த வரிசையில் வேலைக்குப் போன பெண் நான் ஒருத்திதான். அதனால் எனக்குப் பெயரே "டெலிபோன்" என்று ஆகிவிட்டது.

எனக்கும் காலை, மாலை, இரவு என்று ஷிப்ட் மாறும். வீட்டுச் சாவி எதிர்வீட்டில்தான் இருக்கும். பள்ளி விட்டு வந்தால் மகளும் அங்கேதான் இருப்பாள். அக்காவுக்குக் குழந்தை கிடையாது. ஆனால் ஒரு குழந்தைக்கு வேண்டிய எல்லாம் அந்த வீட்டில் இருந்தது. கூடத்தில் ஊஞ்சல். தெருவுக்கே முதல் ஃபிரிட்ஜ். அதில் சிவப்பும் பச்சையுமாகக் கலர் ஊற்றி உறையவைத்த ஐஸ் கட்டிகள். மாலையானால் வரிசைக் குழந்தைகள் எல்லாம் அந்த வாசலில் நிற்கும். நாக்கைப் பார்த்தாலே எந்தப் பிள்ளை எதிர்வீட்டுக்குப் போய்வந்தது என்று சொல்லிவிடலாம்.

என் மகளின் நாக்கு எப்போதும் சிவப்புதான்.

இப்போது மகள் பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். மைதானத்தை வாடகைக்கு எடுத்து ஒரு பயிற்சிப் பள்ளியே நடத்துகிறாள். ஓட்டப் பயப்படும் பெண்களை உட்காரவைத்து முதலில் கதைதான் சொல்வாள். "எங்க காலனியில..." என்று ஆரம்பிப்பாள். எந்தக் கதையானாலும் கடைசியில் எதிர்வீட்டு ஊஞ்சலில் போய் உட்கார்ந்துவிடும். முதல் பல் விழுந்தது அங்கே. தலை பின்னிக்கொண்டது அங்கே. மழையில் நனைந்து துவட்டிக்கொண்டதும் அங்கே. கதையில் நான் எப்போது வருவேன் என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்பேன். வருவேன், வராமல் இருக்க மாட்டேன். "அம்மா டியூட்டிக்குப் போயிருந்தாங்க" என்ற ஒரே வரியில் வந்துவிட்டுப் போய்விடுவேன்.

இதையெல்லாம் விட்டுக்கொடுத்துவிடலாம். உண்மையிலேயே அங்கே நடந்தவைதானே. ஒருமுறை அவள் கடும் காய்ச்சலில் கிடந்தபோது, லீவு போட்டுவிட்டு அவள் நெற்றியில் ஈரத்துணி மாற்றிக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறக்காமலே "பெரியம்மா" என்றாள். அதைக்கூட விழுங்கிவிட்டேன். ஒன்றே ஒன்றைத்தான் விட முடியவில்லை.

சைக்கிள்.

அவளுக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது நான். சைக்கிள் கம்பவுண்டருடையது, அதை மறுக்கவில்லை. ஆனால் அக்காவுக்குச் சைக்கிள் என்றாலே நடுக்கம். தூரத்தில் நின்று "பாத்து, பாத்து" என்பதோடு சரி. இரவு ஷிப்ட் முடித்துவந்து, தூங்காமல், தினமும் காலையில் அந்தத் தெருவில் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடியவள் நான். "கீழ பாக்காத, முன்னாடி பாரு" என்று தொண்டை வறளக் கத்தியவள் நான். அவள் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை முதன்முதலாக விழாமல் போன அன்று எனக்குக் காலை ஷிப்ட். புறப்படுவதற்கு முன் ஒரே ஒரு தடவை என்று கெஞ்சினாள். ஓட்டினாள். தெருமுனையில் அக்கா நின்று கைதட்டினார். நான் பின்னால் இருந்தேன். எக்ஸ்சேஞ்ச் வேன் வந்து ஹாரன் அடித்தது. செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு ஓடிப்போய் ஏறிவிட்டேன். இவள் இறங்கித் திரும்பிப் பார்த்தபோது தெருவில் நான் இல்லை.

கேரியரைப் பிடிப்பவள் முகம் ஓட்டுகிறவளுக்குத் தெரியாது. கைதட்டுகிறவள் முகம்தான் தெரியும். அவ்வளவுதான் நடந்தது.

"நீதான் பிடிச்சேன்னு நீயே நினைச்சுக்கிறியோ என்னவோம்மா. நீ வீட்ல எங்க இருந்தே?" என்று மகள் எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள். அதற்குமேல் வாதாடினால், "சரிம்மா, நீதான்" என்பாள். குழந்தை கையில் கிலுகிலுப்பையைக் கொடுக்கிற குரலில்.

இப்போது பள்ளிக்குப் பத்தாவது ஆண்டு விழா. கற்றுக்கொண்டுபோன பெண்கள் எல்லாரும் வண்டியோடு வருகிறார்கள். ஊர்வலமாகப் போகப் போகிறார்கள். கொடியசைத்துத் தொடங்கிவைப்பது யார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"எனக்கு முதல்ல ஓட்டக் கத்துக்கொடுத்தவங்கதானேம்மா கொடியசைக்கணும்" என்றாள்.

"ஆமா, அவங்கதான் அசைக்கணும்" என்றேன்.

மகளுக்குப் புரியவில்லை. நான் அடுப்பை அழுத்தித் துடைத்தேன்.

அக்கா வெள்ளிக்கிழமை வந்து இறங்கினார். முடி முழுக்க வெளுத்திருந்தது, கன்னம் ஒட்டியிருந்தது. சிரிப்பு மட்டும் அப்படியே. "ஏண்டி குட்டி, இவ்ளோ பெரிய வீடா" என்று மகளின் கன்னத்தைக் கிள்ளினார். நாற்பது தாண்டிய என் மகள் ஏழு வயதுக்காரி மாதிரி நெளிந்தாள். "டெலிபோன், நீ அப்படியேதான் இருக்கே" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அது பாராட்டா என்று எனக்குப் புரியவில்லை.

அன்று மாலை எல்லாரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை சும்மா இருக்காமல் கிளறிவிட்டார்.

"பெரியம்மா, ஒரு கேஸ் ரொம்ப நாளா இழுத்துக்கிட்டே போகுது. சைக்கிள் கேஸ். எங்க அத்தை தான்தான் கத்துக்கொடுத்தேங்கறாங்க. இவ நீங்கதாங்கறா. நேர்ல பாத்த சாட்சி நீங்கதான். சொல்லுங்க, இன்னைக்கே தீர்ப்பு எழுதிடலாம்."

நான் கோப்பையைக் கீழே வைத்தேன். அக்கா பொய் சொல்லமாட்டார், அதுவரை அப்படித்தான் நம்பியிருந்தேன்.

மகள் அவருடைய காலடியில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அக்காவின் முழங்கால்மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். "சொல்லுங்க பெரியம்மா" என்றாள்.

அக்கா அவள் தலையைத் தடவினார். என்னைப் பார்க்கவில்லை.

"ஆமாடி. நான்தானே பிடிச்சேன்" என்றார்.

"பாத்தியாம்மா" என்று மகள் சிரித்தாள்.

"அத்தை, மேல்கோர்ட்டுக்கு போறீங்களா?" என்றார் மாப்பிள்ளை.

நான் கோப்பைகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். கொஞ்ச நேரத்தில் அக்காவும் வந்தார். கோப்பைகளைத் துடைக்கத் துணியைக் கையில் எடுத்தார். வாங்கி வைத்துவிட்டேன்.

"ஏங்க்கா அப்படிச் சொன்னீங்க?"

"என்ன சொன்னேன்?"

"கேரியரை நீங்க தொட்டதே இல்ல. அந்த சைக்கிள் காத்துல சாஞ்சாக்கூட நாலடி தள்ளிப் போவீங்க."

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அவ அப்படி பாத்துக்கிட்டே கேக்கறா. இல்லேன்னு எப்படி சொல்றது? உனக்கு என்ன குறைஞ்சு போச்சு டெலிபோன்? பெத்தது நீ. கூட இருக்கறது நீ. தினமும் அவ கையால டீ குடிக்கறது நீ. எனக்கு இருக்கறது இந்த நாலு கதைதான்."

"நாலையும் வச்சுக்கோங்க. ஊஞ்சலை வச்சுக்கோங்க, ஐஸை வச்சுக்கோங்க, பல்லைக்கூட வச்சுக்கோங்க. சைக்கிள் என்னோடது. அதைக் கொடுத்துடுங்க."

சொல்லும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது. எழுபதைத் தொடப்போகிற பெண் இப்படிப் பொம்மைக்குச் சண்டை போடுவதா? ஆனாலும் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

"நீயே சொல்லிக்கோ" என்றார் அக்கா.

"நான் சொன்னா நம்ப மாட்டா. நீங்கதான் சொல்லணும்."

"நான் இப்ப போய் மாத்திச் சொன்னா, பெரியம்மா பொய் சொல்றவன்னு அவளுக்குத் தெரிஞ்சுபோயிடுமே."

"தெரியட்டுமே."

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை. அது இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். துணியைத் திரும்ப எடுத்து, ஒரு கோப்பையைத் துடைத்துக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விட்டார். சனிக்கிழமை முழுக்க நாங்கள் இருவரும் "உப்பு சரியா இருக்கா", "ஃபேன் போடவா" என்பதற்குமேல் பேசவில்லை. மகளும் அவரும் மட்டும் ஓயாமல் பேசினார்கள். "அந்த மூணாவது வீட்டு மாமா, விசில் மாமா, இருக்காரா?" "வாட்ச்மேன் வளர்த்த கிளி என்னாச்சு?" எனக்கும் அந்த மாமாவைத் தெரியும். அந்தக் கிளி என்னைக் கொத்தியிருக்கிறது. யாரும் என்னைக் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மைதானம் நிறைந்துவிட்டது. எங்கே பார்த்தாலும் ஸ்கூட்டர்கள். நர்ஸ் உடையில் ஒருத்தி, இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி, பேரப்பிள்ளை எடுத்த வயதில் ஒருத்தி. எல்லாரும் "மேடம், மேடம்" என்று என் மகளையே சுற்றினார்கள். எனக்குப் பெருமைதான். முன்வரிசையில் உட்கார்ந்து பெருமைப்பட்டுக்கொண்டே, பக்கத்து நாற்காலியில் இருந்தவரைப் பார்க்காமல் இருந்தேன்.

மகள் மைக்கைப் பிடித்தாள். வழக்கம்போல "எங்க காலனியில" என்று ஆரம்பித்தாள். தெரு வந்தது, சைக்கிள் வந்தது. "அம்மா டியூட்டிக்குப் போயிருந்தாங்க" என்ற என்னுடைய வரியும் வந்தது. "அன்னைக்கு என் பின்னாடி இருந்த கை, இதோ இவங்க கை" என்று அக்காவை எழுப்பி, மைக்கையும் கொடியையும் அவர் கையில் கொடுத்தாள்.

அக்கா கொடியைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எனக்குப் பேசத் தெரியாது. ஒரு தப்பை மட்டும் சரி பண்ணிடறேன்" என்றார். "பின்னாடி இருந்த கை என்னோடது இல்ல. நான் தெருமுனையில நின்னு கைதட்டினேன், அவ்வளவுதான். ராத்திரி வேலை பாத்துட்டு வந்து, கண்ணெல்லாம் செவந்துபோய், இவ பின்னாடி ஓடினது இவளோட அம்மா. குழந்தை என்னைன்னு நினைச்சுட்டா. எனக்கு அது பிடிச்சிருந்தது. அதான் முந்தாநாள்கூட ஆமான்னு சொல்லிட்டேன். மன்னிச்சுக்கோ குட்டி."

வந்து கொடியை என் மடியில் வைத்தார்.

நான் ஜெயித்துவிட்டேன் என்று எழுந்தேன். ஆனால் என் பக்கம் யாரும் திரும்பவில்லை. மைதானமே எழுந்து அக்காவுக்காகக் கைதட்டியது. அந்த நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மகள் ஓடிவந்தாள். என்னைத் தாண்டிப்போய் அக்காவைக் கட்டிக்கொண்டு, "யாருக்கு பெரியம்மா இந்த மனசு வரும்?" என்று அழுதாள். பின்னால் ஒருத்தி, "எவ்ளோ நல்ல லேடி பாரு" என்றது என் காதில் நன்றாகவே விழுந்தது.

மாப்பிள்ளைதான் மெல்ல வந்து, "அத்தை, கேஸ் ஜெயிச்சாச்சு. கொடியை ஆட்டுங்க, வெயில் ஏறுது" என்றார்.

ஆட்டினேன். வண்டிகள் உறுமிக்கொண்டு கிளம்பின.

எல்லாம் போனபிறகு மகள் என்னிடம் வந்தாள். மூக்கு சிவந்திருந்தது. என் கையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், ஏதோ புதுக் கை மாதிரி.

"நீயாம்மா?"

"எத்தனை தடவை சொன்னேன்."

"சொன்னே. நான்தான் கேக்கல." அப்புறம், "அன்னைக்கு நீ கையை எங்க விட்டே? எந்த இடம் வரைக்கும் பிடிச்சிருந்தே?" என்றாள். கற்றுக்கொடுக்கிறவள் கேட்கும் கேள்வி அது. அதை இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா பக்கத்தில் வந்துவிட்டார். "நான்தான் எதிர்ல நின்னு பாத்தேனே. தண்ணித் தொட்டி வரைக்கும் பிடிச்சிருந்தா. கிட்டத்தட்ட முக்கால் தெரு. அதுக்கப்புறம்தான் விட்டா" என்றார்.

"அப்படியாம்மா?" என்றாள் மகள்.

அப்படி இல்லை. தெருவின் தொடக்கத்திலேயே, எங்கள் வீட்டு கேட்டைத் தாண்டியதுமே விட்டுவிட்டேன். கையை நீட்டியபடி, தொடாமல், பின்னாலேயே ஓடினேன். எதிரில் நின்று பார்த்தவருக்குப் பிடித்திருப்பது போலத்தான் தெரிந்திருக்கும். அந்தத் தெரு முழுவதையும் என் மகள் தானாகவே ஓட்டினாள். சின்ன முதுகு, ஆடாமல், அசையாமல். அதைப் பார்த்தது உலகத்தில் நான் ஒருத்திதான்.

"ஆமா, தண்ணித் தொட்டிதான்" என்றேன்.

சொல்லியிருக்கலாம்தான். சொன்னால் அவள் சந்தோஷத்தில் துள்ளியிருப்பாள். துள்ளிக்கொண்டு, முதலில் திரும்பி அதைச் சொல்வது பெரியம்மாவிடம்தான்.