அப்பாவின் பழைய நம்பர்

வேலையிலிருந்து ஓய்வுபெற்ற அன்று அப்பா லொறிச் சாவியோடு போனையும் கொடுத்துவிட்டு வந்தார். போன், அவர் லொறி ஓட்டிய ஏஜென்சியுடையது. நம்பரும் அவர்களுடையதுதான். மட்டக்களப்பு டவுனிலிருந்து மண்டூர் வரைக்கும் அவர் பிஸ்கட்டும் சவர்க்காரமும் பால்மாவும் இறக்கிய கடைக்காரர்கள் எல்லோரும் அந்தப் போனுக்குள் இருந்தார்கள். எவருடைய நம்பரையும் அப்பா வேறாக எடுத்து வைக்கவில்லை. எடுத்து வைக்கச் சொல்லவேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

அது சித்திரைப் புதுவருசத்துக்கு முந்திய கிழமை. மாலை போட்டு, சுவர்க் கடிகாரம் ஒன்று கொடுத்து, அவருடைய லொறியிலேயே கிரான்குளத்துக்குக் கொண்டுவந்து விட்டார்கள். வேறொருவர் ஓட்டினார். அப்பா இடது பக்கக் கதவால் இறங்கினார். அவர் அந்தப் பக்கத்தால் இறங்கி நான் பார்த்ததில்லை. கால் வைக்கும் படியைத் தேடிக் கொஞ்சம் தடுமாறினார்.

பிறகு வீட்டில் இருந்தார். விடிய எழும்பிக் குளிப்பார். கழுவிய சேட் போடுவார். தேத்தண்ணியை நின்றபடியே குடிப்பார். அதற்குப் பிறகு செய்ய ஒன்றும் இருக்காது. மோட்டர்சைக்கிளை ரோட்டைப் பார்த்தபடிதான் நிறுத்தி வைத்திருந்தார். எடுத்தவுடன் போகிறமாதிரி. அது போகவில்லை. அம்மா அதைச் சுற்றிக் கூட்டினாள். அப்பாவின் கதிரையையும் சுற்றிக் கூட்டினாள்.

நானும் வீட்டில்தான் இருந்தேன். பட்டம் முடித்தாயிற்று, வேலை வரவில்லை. நானும் அப்பாவும் ஒருவரையொருவர் என்ன செய்கிறாய் என்று கேட்டுக்கொள்ளவில்லை.

நான் அவருக்கு ஒரு போன் வாங்கிக் கொடுத்தேன். அம்மா, அண்ணன், நான். அவ்வளவு பெயர்கள்தான் அதில். அது அடிக்காது. முன்பெல்லாம் பகல் சாப்பிட லொறியோடு வீட்டுக்கு வந்தால் கடைக்காரர்கள் போன் அடித்துச் சோற்றில் கை வைக்க விடமாட்டார்கள். அப்பா வாயில் சோற்றோடு, "வாறன் வாறன், ஆரையம்பதிக்குக் கிட்ட வந்திட்டன்" என்பார். "பொய் சொல்லாம ஒரு வாய் சாப்பிட ஏலாதா உங்களுக்கு?" என்று அம்மா கேட்பாள். இப்போது முழுச் சோற்றையும் அமைதியாகச் சாப்பிட்டார். எவ்வளவு போட்டாலும் சாப்பிட்டார்.

ஒரு விடயம் மட்டும் அடிக்கடி சொன்னார். காத்தான்குடிக் கடைக்காரர் ஆதம்பாவா நானா கடைசி நாள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, "ஹஜ்ஜுப் பெருநாளைக்கு வீட்ட வந்து சாப்பிடணும் தம்பி, நான் கோல் எடுக்கிறன்" என்று சொன்னாராம். மற்றக் கடைக்காரர்கள் சுகமாக இருங்கள் என்றார்கள். சாப்பிட வா என்று சொன்னவர் அவர் ஒருவர்தான்.

பெருநாளன்று அப்பா வெள்ளைச் சேட் போட்டுக்கொண்டு போனை மேசையில் வைத்துவிட்டு இருந்தார். பகல் போனது. அம்மா சோறு போட்டாள். சாப்பிட்டார்.

"அவருக்கிட்ட இருக்கிறது உங்கட பழைய நம்பர் அப்பா" என்றேன்.

"தேடுற ஆள் தேடுவான்" என்றார் அப்பா. "ஏஜென்சியில கேட்டாச் சொல்லுவாங்கதானே."

"நீங்க போய்ப் பாருங்களன்" என்றாள் அம்மா.

"சோறு கேட்டுப் போறதா?"

அதற்குப் பிறகு அவர் ஆதம்பாவா நானாவின் பெயரைச் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அந்த ஒரு இடமும் இல்லையென்றால் இத்தனை வருசமும் அப்பா போய்வந்த இடம் ஒன்றுமே இல்லை என்றாகிவிடும். அவருக்கும் அது தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன்.

ஆடி மாதம், மேற்கிலிருந்து சூடான கச்சான் காற்று வீசிய ஒரு காலை, அடுத்த வளவுக்காரர் ஆற்றில் பட்ட இறால் கொண்டுவந்து தந்தார். நல்ல பெரிய இறால். அம்மா அதில் பாதியைப் பையில் போட்டு ஐஸ் கொட்டிக் கட்டினாள்.

"ஆதம்பாவா நானாக்கு இறால் எண்டா உசிர் எண்டு சொல்லுவீங்களே. கொண்டுபோய்க் குடுத்திட்டு வாங்க. புள்ள, நீயும் போ."

அப்பா பையைப் பார்த்தார். கொண்டுபோய்க் கொடுக்க ஒரு சாமான் இருந்தது. எழும்பினார்.

பையை ஹேண்டிலில் கொழுவினோம். நான் பின்னால் ஏறினேன். ஆரையம்பதி தாண்டி, நடு ரோட்டில் பேரீச்ச மரங்கள் தொடங்கியதும் அப்பா வேகத்தைக் குறைத்து, ஒரு ஒழுங்கைக்குள் திரும்பி, இன்னொன்றுக்குள் திரும்பி, ஒரு பச்சை இரும்புக் கதவுக்கு முன்னால் நிறுத்தினார். கதவில் பெயர் ஒன்றும் இல்லை. இரண்டு பக்கமும் மதில்.

"இதா கடை?"

"இதுதான்."

தட்டினார். உள்ளே சத்தம் இல்லை. உள்ளங்கையால் தட்டினார். இரும்பு அதிர்ந்து நின்றது. பிறகு மோட்டர்சைக்கிளுக்கு வந்து ஹோர்னை இரண்டு தரம் சின்னதாக அடித்தார். லொறியில் அப்படித்தான் அடிப்பாராம், உடனே திறப்பார்களாம். மோட்டர்சைக்கிளின் ஹோர்ன் மெல்லியது. யாரும் வரவில்லை. திரும்ப இரண்டு தரம் அடித்தார்.

"முன்பக்கத்தால போவம் அப்பா."

அப்பா என்னைப் பார்த்தார். "முன்பக்கம் எந்த ரோட்டில எண்டு தெரியாது" என்றார்.

பொய் இல்லை. முன் தெருவுக்குள் லொறி போகாது. அவர் அந்தக் கடைக்கு ஒருநாளும் முன்னால் வந்ததில்லை. மோட்டர்சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டு நடந்தோம். பையிலிருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கியிருந்தது. புடவைக் கடைகள், பிளாஸ்டிக் சாமான் கடைகள், அபாயா தொங்கும் கண்ணாடிகள். அப்பா ஒவ்வொரு பலகையாக வாசித்தார். ஒரு தெருவின் கடைசிவரை போய்த் திரும்பி வந்தோம். தொப்பி விற்றுக்கொண்டிருந்த ஒருவரிடம் அப்பா கேட்டார்.

"ஆதம்பாவா நானாட கடை எங்க?"

அவர் சிரித்தார். "அந்தக் கடைட படியிலதான் நிக்கிறீங்க."

மேலே பலகையில் நானாவின் பெயர் இல்லை; அவருடைய மகனின் பெயரில் நஸீர் ட்ரேடர்ஸ் என்று இருந்தது. ஏசிக் கண்ணாடிக் கதவு. அப்பா செருப்பைக் கழற்றப் போனார். நான் வேண்டாம் என்று கையைப் பிடித்தேன்.

உள்ளே ஒரு சேல்ஸ்மன் வந்து, "என்ன வேணும் ஐயா?" என்றார். அப்பா பையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். காசு மேசைக்குப் பின்னால் வெள்ளைத் தாடியோடு இருந்தவர் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பக் குனிந்தார்.

"நானா" என்றார் அப்பா.

ஆதம்பாவா நானா குரலுக்குத்தான் எழும்பினார். "யா அல்லாஹ். லொறிக் கதிர்! முன்னால வந்தா எனக்கெப்பிடித் தெரியும்? வாங்க, இரிங்க, இரிங்க. டேய், கதிரை ஒண்டு போடு. இது யாரு, மகளா?"

"ஓம். படிச்சு முடிச்சிட்டா. உயிரியல்."

"அப்ப எனக்குச் சீனி பாத்துச் சொல்லுங்க மகள். வீட்டில ஒருத்தரும் உண்மை சொல்றாங்க இல்ல."

"சாப்பிட முதல் பாக்கணும்" என்றேன்.

"அது எப்பயும் சாப்பிட்டபிறகுதான் ஞாபகம் வாற."

அப்பா பையை நீட்டினார். தரையில் வெள்ளை மாபிள். தண்ணீர் வாசலிலிருந்து ஒரு கோடாக வந்திருந்தது. சேல்ஸ்மன் பையை வாங்கி, முன்னால் இருந்த ஐஸ்கிறீம் பெட்டியைத் திறந்தார்.

"எடேய், ஐஸ்கிறீமுக்குள்ளயா இறாலப் போடுற? வீட்ட குடுத்தனுப்புடா!"

சோடா இரண்டு வந்தது. ஸ்ட்ரோ போட்டு. கடையின் பின்பக்க ஸ்டோருக்குள் சீனி மூட்டையின் மேல் இருந்து, பிடி உடைந்த கோப்பையில், இஞ்சி போட்ட பிளேன் டீ குடிப்பதைப் பற்றி அப்பா வீட்டில் சொல்லியிருக்கிறார். இப்போது கதிரையின் நுனியில் இருந்துகொண்டு ஸ்ட்ரோவை என்ன செய்வது என்று தெரியாமல் விரலால் ஒதுக்கினார்.

ஆதம்பாவா நானா ஒருவருக்கு மிச்சக் காசு கொடுத்துவிட்டுத் திரும்பினார். முகம் மாறியிருந்தது.

"தம்பி, கோவமா இரிப்பீங்க எண்டு தெரியும். நான் கோல் எடுத்தன். அல்லாஹ்ட மேல ஆணையா, பெருநாளைக்கு முதல்நாள் எடுத்தன். 'தம்பி, நாளைக்கிச் சாப்பாட்டுக்கு வாங்க, மறந்திராதீங்க' எண்டன். 'ஓம் நானா, வாறன்' எண்டு பதில் வந்திச்சி."

அப்பா சேட்டுப் பைக்குள் இருந்த போனைத் தொட்டுப் பார்த்தார்.

"அடுத்தநாள் பகல் பாத்தா, புது ட்ரைவர் வந்து நிக்கிறான். வெள்ளைச் சேட், கையில கேக் பெட்டி. 'தம்பி' எண்டது தன்னத்தான் எண்டு நினச்சிட்டான். வந்தவன்கிட்ட என்னத்தச் சொல்ற? இருத்திச் சாப்பாடு குடுத்தம். நல்லாச் சாப்பிட்டான்." காசு மேசையைப் பூட்டினார். "உங்களுக்கெண்டு என்ட வீட்டுக்காரி ஸைனம்பு கல்லீரல் வேறயா ஆக்கி வச்சிருந்தா. அதையும் சாப்பிட்டான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பாவைப் பார்த்தேன். அவர் சோடாப் போத்தலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிறகு ஏஜென்சியில கேப்பம் எண்டுதான் இருந்தன். கடை, பேரப்புள்ள, ஒண்டு மாறி ஒண்டு. நாள் போயிட்டு" என்றார் நானா. "இந்தா, இப்பவே புது நம்பரச் சொல்லுங்க."

அப்பா என் பக்கம் திரும்பினார். அவருக்குத் தன் நம்பர் தெரியாது. நான் சொன்னேன். கடைக்குள் ஆட்கள் நின்றதால் என் குரல் சின்னதாக வந்தது. திரும்பச் சொன்னேன்.

"என்னெண்டு போட? முந்தி 'லொறி' எண்டுதான் போட்டிருந்தன். அதால வந்த வினை."

போனை அப்பாவிடம் காட்டினார். லொறி என்றுதான் இருந்தது.

"கதிர்காமத்தம்பி எண்டு போடுங்க" என்றார் அப்பா.

"நீளமாக் கிடக்கு. கதிர் எண்டு போடுறன். கதிர் போதும்தானே?"

"போதும்."

அப்போது கடையின் பின்னாலிருந்து ஹோர்ன் கேட்டது. இரண்டு தரம், சின்னதாக. அப்பா கதிரையிலிருந்து பாதி எழும்பிவிட்டார். ஆதம்பாவா நானா சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு, "உங்கட சாப்பாட்டச் சாப்பிட்டவன் வந்திட்டான், இரிங்க, இந்தா வாறன்" என்று உள்ளே போனார். இரும்புக் கதவு திறபடும் சத்தம் கேட்டது. பெட்டிகள் விழும் சத்தம். அப்பா திரும்ப இருந்தார். சோடாவை ஸ்ட்ரோவாலேயே முழுதும் குடித்து முடித்தார்.

மோட்டர்சைக்கிள் பின் ஒழுங்கையில் நின்றது. ஸ்டோருக்குள்ளால்தான் போனோம். அப்பா சீனி மூட்டைகளைத் தாண்டும்போது அவற்றைப் பார்க்கவில்லை. வெளியே லொறி ஒழுங்கையை அடைத்துக்கொண்டு நின்றது. மோட்டர்சைக்கிள் அதற்கும் மதிலுக்கும் நடுவில். எடுக்க வழி இல்லை.

புது ட்ரைவர் ரதீஸ் முப்பது வயது ஆள். அப்பாவைக் கண்டதும் தூக்கிய பெட்டியைக் கீழே வைத்தார்.

"அண்ணே, சத்தியமா எனக்குத் தெரியா. தம்பி எண்டு கூப்பிட்டார். நானும் தம்பிதானே?"

"சாப்பாடு நல்லாயிருந்திச்சா?" என்றார் அப்பா.

ரதீஸ் நானாவைப் பார்த்தார். "நல்லாயிருந்திச்சண்ணே."

"கல்லீரல்?"

"அதும்."

"சரி."

நானா பின்னால் நின்று தாடியைத் தடவிக்கொண்டார்.

"உங்களக் கேட்டு நிறையப் பேர் கோல் எடுக்கிற" என்றார் ரதீஸ். "மண்டூரில ஒருத்தர் மகளுக்குக் கலியாணம் எண்டு சொன்னார். களுவாஞ்சிகுடியில ஒருத்தர் கால் முறிஞ்சி கிடக்கிறாராம், கதிரிட்டச் சொல்லு எண்டார். நான் என்னத்தச் சொல்ற? ஓம் ஓம் எண்டு வச்சிடுறது. உங்கட நம்பரத் தாங்க."

நான்தான் சொன்னேன். இந்த முறை ஒரே தரத்தில் கேட்டது.

"பிறகு மிஸ்கோல் தாறன்" என்றார் ரதீஸ்.

சாமான் இறக்கி முடிந்தது. லொறி பின்னால் எடுத்தால்தான் வழி. ரதீஸ் ஏறி இருந்து யன்னலால் தலையை நீட்டினார். "அண்ணே, இண்டைக்கு உதவிக்கு ஆளில்ல. மதில் பக்கம் ஒருக்காப் பாத்துச் சொல்லுவீங்களா?"

அப்பா லொறிக்குப் பின்னால் போனார். மதிலுக்கும் லொறிக்கும் இடையில் நின்று, உள்ளங்கையால் லொறியின் பெட்டியைத் தட்டித் தட்டி, "வா, வா, வா" என்றார். பிறகு ஒரு தரம் பலமாகத் தட்டினார். லொறி நின்றது. மதில் ஒரு சாண் தூரத்தில் இருந்தது. "ஸ்டீரிங்க ஒடி. இப்ப வா." ஒழுங்கை முனை வரைக்கும் அப்படியே பின்னால் பின்னால் நடந்து போனார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் ஒன்றும் இல்லை. வேலை செய்கிற முகம்.

நானா கதவருகில் நின்றார். "நோன்புப் பெருநாளைக்கி நான் கட்டாயம் எடுப்பன் தம்பி. அதுக்கு முதல் வாறதெண்டாலும் இந்தக் கதவால வாங்க. கோல் ஒண்டு குடுங்க, திறக்கிறன்."

"ஓம் நானா."

கதவு மூடியது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

தாழங்குடா தாண்டியதும் அப்பாவின் சேட்டுப் பைக்குள் போன் அடித்தது. அவர் ஓட்டும்போது போன் எடுப்பதில்லை. வாகை மரமொன்றின் கீழ் ஓரமாக நிறுத்தி, காலை ஊன்றிக்கொண்டு போனை வெளியே எடுத்தார். பெயர் இல்லை, நம்பர் மட்டும். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இது என்ட நம்பர்" என்றார்.

"ரதீஸ் அண்ணன் மிஸ்கோல் தந்திருக்கிறார் அப்பா."

அடித்து நின்றது. காற்று ஆற்றுப் பக்கமிருந்து சூடாக வந்தது. அப்பா போனை என்னிடம் நீட்டினார். நான் சேமிக்கும் இடத்தைத் திறந்தேன்.

"என்ன பேர் போட?"

யோசித்தார். லொறி ஒன்று எங்களைக் கடந்து கல்முனைப் பக்கம் போனது. அது வேறு யாருடையதோ. அது போய் மறையும்வரை பார்த்தார்.

"லொறி எண்டு போடு."

போட்டேன். அவர் போனை வாங்கிப் பையில் வைத்துவிட்டு, பின்னால் வாகனம் வருகிறதா என்று திரும்பிப் பார்த்து, மோட்டர்சைக்கிளை ரோட்டில் ஏற்றினார்.