நாலில் நின்ற வாணம்

தையல் மெஷின் மெக்கானிக் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தன் வீட்டு மொட்டைமாடியிலிருந்து விட்ட வாணம், வெடிக்காமலும் விழாமலும், திரி புகைந்தபடி ஒன்பது வருடம் அவன் தலைக்கு மேலேயே நின்றது. காற்றுக்கு ஆடவில்லை, மழைக்கு அணையவில்லை. தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் முதல் வாரம் அண்ணாந்து பார்ப்பார்கள். இரண்டாவது வாரம் குழாயில் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்கத் தொடங்கிவிடுவார்கள்.

வாணம் செய்வது மெக்கானிக்குக்குத் தொழில் அல்ல, பைத்தியம். வாரம் ஆறு நாள் தையல் மெஷின்களோடு மாரடித்துவிட்டு ஏழாம் நாள் பின்னறையில் உட்கார்ந்துவிடுவான். கருவி எதையும் கடையில் வாங்கியதில்லை. வெடிமருந்து கெட்டிக்கும் கட்டை, உடைந்த நாற்காலியின் கால். குழாய் சுற்றப் பழைய குடையின் மூங்கில் கம்பு. பவுடர் டப்பாவை வெட்டிப் புனல். பாலிஷ் டப்பா மூடிகளில் நூல் கட்டித் தராசு. பிழைப்பே இரும்போடுதான் என்றாலும் அந்த அறைக்குள் ஓர் ஊசியைக்கூட விடமாட்டான். இரும்புக்கு முன்கோபம் என்பான். காகிதம் மட்டும் மனைவி கொடுத்தது. அவள் ஒன்றாம் வகுப்பு டீச்சர். வருடக் கடைசியில் பிள்ளைகள் விட்டுப்போகும் கணக்கு நோட்டுகள், கோணல்மாணலாக எண் எழுதிப் பழகிய பக்கங்கள், வாணத்துக்கு மேல் சுற்றுச் சுற்றாக ஒட்டப்பட்டன. மாடியில் நட்டுவைத்த குழாயை விட்டு வாணம் கிளம்பியதும் அவன் வாய்விட்டு எண்ணுவான். ஏழு என்னும்போது மேலே பூ விரியும். முன்னே பின்னே ஆனதில்லை. டீச்சர் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் குடி, சீட்டு என்று எதுவுமில்லாத மனுஷனிடம் இதையும் பிடுங்கினால் மிச்சம் என்ன இருக்கும் என்று பொறுத்துக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் நாலு வரை எண்ணியபோது டீச்சர் படியேறி ஓடிவந்தாள். "ஏங்க, பாப்பா உங்ககிட்டயா இருக்கா?" மூன்று வயதுப் பெண்ணைக் கீழே காணவில்லை. அவன் திரும்பினான். பாப்பா அவன் காலுக்குப் பின்னால், புகை அடங்காத குழாய்க்கு இரண்டடி தள்ளி, விரல் சூப்பிக்கொண்டு நின்றாள். எண்ணிக்கை நாலோடு தொண்டையில் நின்றுபோயிற்று. மூவரும் கீழே ஓடிப் பதுங்கினார்கள். வெடிச்சத்தம் வரவேயில்லை. அரை மணி கழித்து அவன் எட்டிப் பார்த்தபோது, மூன்று மாடி உயரத்தில், ஒரு பந்து அளவில், வாணம் காத்திருந்தது.

மறுநாள் காலை டீச்சர் அடுக்களையில் "அஞ்சு முட்டை எடுத்து வைங்க" என்றாள். வாணம் ஒரு சாண் இறங்கியது. புதன்கிழமை மணி ஐந்தாச்சு என்று சொன்னாள். இன்னொரு சாண் இறங்கியது. தெருவில் மற்றவர்கள் எத்தனை ஐந்து சொன்னாலும் அது அசையவில்லை. எண் படித்த காகிதம், அந்த வீட்டார் எண்ணினால்தான் கேட்கும் என்று எதிர்வீட்டு இஸ்திரிக்காரர் சொன்னதைத் தெரு ஒப்புக்கொண்டது. மெக்கானிக் மட்டும் அந்த எண்ணைச் சொல்லிப் பார்க்கவே இல்லை. விட்ட இடத்திலிருந்து அவன் எண்ணினால் அது வெடிக்கும். எங்கே வெடிக்கும் என்பதற்கு அவனிடமே பதில் இல்லை. அன்றிலிருந்து அந்த வீட்டில் ஐந்து கிடையாது. "நாலும் ஒண்ணும்" என்றார்கள். டீச்சர் பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளை ஐந்து, ஐந்து என்று கத்தவைத்துவிட்டு, தெருமுனை வந்ததும் வாயைக் கழுவிக்கொண்டு வருவாள்.

தீயணைப்புக்காரர்கள் வந்து பீய்ச்சியடித்தார்கள். தண்ணீர் வாணத்தைச் சுற்றிக்கொண்டு போய் இஸ்திரிக்காரரின் துணிகளில் விழுந்தது. 'பொருள் நிலையாக உள்ளது' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிப் போனார்கள். டீச்சரின் அண்ணன் தெருக்கோடியில் இருந்தார். அவர் வீட்டுக்கு மூவரும் குடிபோனார்கள். வாணமும் கூடவே போய் அவர் மாடிக்கு மேல் நின்றது. மூன்றாம் நாள் அண்ணன் சகல மரியாதையோடும் அவர்களைத் திருப்பி அனுப்பினார். மெக்கானிக் வெளியே போவதை விட்டான்; மெஷின்கள் அவனைத் தேடி வந்தன. பனிக்காலத்தில் காக்கைகள் வாணத்தின் மேல் உட்கார்ந்து குளிர்காய்ந்தன. அதன் அடியில் கட்டிய கொடியில் துணி சீக்கிரம் காய்ந்தது.

ஒன்பது வருடம் யார்தான் வாயைக் கட்டமுடியும்? வருடத்துக்கு நாலைந்து முறை யாராவது வாய்தவறினார்கள். ஒரு மத்தியானம் பாப்பா காய்ச்சலில் பிதற்றினாள். பிதற்றியது ஐந்தாம் வாய்ப்பாடு. டீச்சர் ஓடிப்போய் வாயைப் பொத்துவதற்குள் வாணம் ஒரு மாடி இறங்கிவிட்டது. பாப்பாவுக்குப் பன்னிரண்டு வயதானபோது அது துணிக்கொடிக்கு ஒரு முழம் மேலே சீறிக்கொண்டிருந்தது. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்றார் அண்ணன். "உன் தலைக்கு மேல தொங்கினா இந்தப் பழமொழி வருமாண்ணா?" என்று டீச்சர் கேட்டாள்.

அந்த வருடம்தான் மெக்கானிக்கின் குரல் கரகரத்தது. ஆட்டோவில் டாக்டரிடம் போனான்; வாணம் ஆட்டோவுக்கு மேலேயே வந்தது, சிக்னலில் போலீஸ்காரர் வழிவிட்டார். தொண்டைக்குள் கட்டி, குரல்வளையை எடுத்தாக வேண்டும், வியாழக்கிழமை வரச் சொன்னார்கள். எடுக்காவிட்டால் ஆறு மாதம் தாங்காது. "ஆனா திரி எரியிற சாமானோட வார்டுக்குள்ள விடமாட்டோம்" என்றார் டாக்டர். வாணத்தை முடிக்காமல் அறுவை இல்லை. அறுவைக்குப் பிறகு அதை முடிக்கக் குரல் இல்லை. முந்தின நாளே எண்ணி முடித்துவிடுவது என்று முடிவானது.

புதன்கிழமை நாலு மணிக்குத் தெரு காலியானது. பாப்பாவை அண்ணன் கூட்டிப்போனார். இஸ்திரிக்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனார். மாடியில் மெக்கானிக் மனைவியையும் போகச் சொன்னான். "நாப்பது பிள்ளைங்களுக்கு எண்ணக் கத்துக்குடுக்கிறவ நான். நீங்க எங்க தடுமாறுவீங்கன்னு எனக்குத் தெரியும். ஆரம்பிங்க."

"அஞ்சு" என்றான்.

வாணம் இறங்கவில்லை. ஒன்பது வருடத்தில் முதல்முறையாக, செய்தவன் குரலைக் கேட்டு, ஒரு மாடி ஏறியது. அவன் "ஆறு" என்றான். பாதிதான் சொல்லாக வந்தது, மீதி வெறும் காற்று. வாணம் இன்னும் இரண்டு மாடி ஏறி நின்றது. அவன் மறுபடி வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. கழுத்து நரம்பு புடைக்க முயன்றான். ஒரு முனகல்கூட இல்லை. மேலே திரி படபடவென்று பொரிந்தது. வாணம் சாண் சாணாக இறங்க ஆரம்பித்தது. டீச்சர் எண்ணைச் சொன்னால் சொல்லிவிடலாம், ஆனால் அவள் குரல் அதை இழுத்து வந்து இருவர் தலையிலும்தான் போடும். அவன் படியைக் காட்டி அவளைத் தள்ளினான். அவள் நகரவில்லை. பயந்தாள், நன்றாகவே பயந்தாள். அவளுடைய வகுப்பில் எண் வாயிலேயே சிக்கிக்கொள்ளும் பிள்ளைகள் வருடத்துக்கு ஒன்றிரண்டு பேர் இருப்பார்கள். அவர்களுடைய தாடையைப் பிடித்து உதட்டைக் குவிக்க வைத்து, குரலை மட்டும் அவள் போடுவாள். கொடிக்கு மேல் இரண்டு ஆள் உயரத்துக்கு வாணம் வந்துவிட்டபோது அவள் புருஷனின் தாடையைப் பிடித்தாள். "என்னைப் பாருங்க. வாயை மட்டும் அசைங்க." அவன் உதட்டை அசைத்தான், அவள் குரல் கொடுத்தாள். ஏழு.

யார் சொல்லைக் கேட்பது என்று வாணம் ஒரு கணம் தயங்கியது. பிறகு விறுவிறுவென்று ஏறிப்போய், எங்கே விரியவேண்டுமோ அங்கே விரிந்தது. ஒரு பொறிகூடக் கீழே விழவில்லை. பூ அப்படியே நின்றது, பட்டப்பகலில் பார்த்தாலும் கண்ணுக்குத் தெரியும் மஞ்சளாக.

வியாழக்கிழமை அறுவை நல்லபடியாக நடந்தது. பூவும் ஆஸ்பத்திரிக்குப் போனது. அதில் சூடில்லை என்பதால் டாக்டர் ஆட்சேபிக்கவில்லை, நர்ஸ் மட்டும் கண் கூசுகிறதென்று திரையை இழுத்துவிட்டாள். மெக்கானிக் வீடு திரும்பி, சத்தமில்லாமல் மெஷின்களைப் பழுதுபார்க்க உட்கார்ந்தான். யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் ஸ்பேனரால் மேஜையைத் தட்டினான்.

ஐந்து அந்த வீட்டுக்குத் திரும்பி வந்தது. ஆனால் ஒரு காலை காய்ந்த துணிகளை எண்ணி மடித்த டீச்சர், ஏழாவது சட்டையோடு வாயை மூடிக்கொண்டாள். அடுத்த எண்ணைச் சொன்னால் மேலே என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாது. ஒன்றும் ஆகாமலும் போகலாம். ஆனால் மேலே நிற்பது அவன் வாய் கடைசியாகச் சொன்ன ஏழு, அதைத் தாண்டிப் போக அவளுக்கு மனம் வரவில்லை. பள்ளியில் நாள் முழுக்க அந்த எண்ணைச் சொல்லிக்கொடுத்தாள், வீட்டில் விட்டுவிட்டாள். பாப்பாவிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. விடுமுறை முடிந்து புதுப் புத்தகப் பையோடு அவள் வாசலில் நின்றபோது, இந்த வருஷம் எத்தனாவது என்று இஸ்திரிக்காரர் கேட்டார்.

"ஏழு முடிச்சிட்டேன்" என்றாள்.

அவர் ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, அடுத்த சட்டையை எடுத்து விரித்தார்.