காற்றுத் தொப்பியின் குறைகள்

எரிந்துபோன மோட்டாரைத் தூக்கிக்கொண்டு அந்தத் தெருவுக்குள் வருகிற யாரும் பெயர்ப்பலகையைத் தேடுவதில்லை. காயில் அக்கா கடை எது என்று கேட்டால் சின்னக் குழந்தைகூடக் கை காட்டிவிடும். கருகின செப்புக் கம்பியை உருவி எறிந்து, புதுக் கம்பியில் காயில் சுற்றி, வார்னிஷ் ஊற்றி அவள் திருப்பிக் கொடுத்த மோட்டார் ஒன்றுகூட அதே கோளாறோடு மறுபடி கடைப்படி ஏறியதில்லை. அதில் அவளுக்குப் பெருமை. அந்தப் பெருமை தேவைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

அவளுக்கு ஒரே ஒரு தம்பி. சமையல் மேடைக்குக் கல் அறுக்கிற பட்டறையில் பதினாறு வருஷமாக மெஷின் பிடிக்கிறான். வாயில்லாப் பூச்சி. தட்டில் எதை வைத்தாலும் நன்றாக இருக்கிறது என்பான், சட்டை இரண்டு அளவு பெரிதாக இருந்தாலும் சரியாக இருக்கிறது என்பான். அவனே ஒருநாள் மாடிப்படி பாதியில் உட்கார்ந்துவிட்டதும் அக்கா அவனை இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனாள்.

டாக்டர் ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னார். முகம் சிவக்க ஊதினான். திரையில் கோடு பாதிக்குக் கொஞ்சம் மேலே ஏறி அங்கேயே நின்றது. கல் தூள் நெஞ்சுக்குள் படிந்துவிட்டது, போனது போனதுதான், இருக்கிறதைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார். வேலையை விடச் சொன்னார். தம்பிக்குக் கல்லைத் தவிர வேறொன்றும் தெரியாது. கடைசியில் மூன்று மாதம் தவணை கொடுத்தார். தண்ணீர் விட்டுத்தான் அறுக்க வேண்டும், மூச்சுக்குப் பாதுகாப்பு இல்லாமல் பட்டறைக்குள் கால் வைக்கக் கூடாது, அடுத்த தடவை கோடு ஒரு நூல் இறங்கினாலும் மெஷின் பக்கமே போகக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

பட்டறையில் தண்ணீருக்கு ஏற்பாடு ஆயிற்று. ஆனால் ஓரம் தேய்க்கும்போது தூள் பறக்கத்தான் செய்தது. இறுக்கமான முகமூடி போட்டால் அவனுக்கு இருக்கிற மூச்சும் திணறியது, பத்து நிமிஷத்தில் அது கழுத்துக்கு இறங்கிவிடும். இடுப்பில் ஒரு சின்ன ஃபேன், அதன் வாயில் ஃபில்டர், அங்கிருந்து குழாய் வழியாகச் சுத்தக் காற்று தலைத்தொப்பிக்குள் வரும். அப்படி ஒன்று கிடைத்தால் உத்தமம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கடையில் போய் விசாரித்துவிட்டு வந்த தம்பி அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. விலை என்ன என்று அக்காவுக்கு அதிலேயே தெரிந்துவிட்டது.

போனைத் துழாவியபோதுதான் அந்தப் பக்கம் அகப்பட்டது. எங்கோ ஒரு தேசத்தில், யாரோ ஒருவர், அதே காற்றுத் தொப்பியின் படங்களை அங்குல அங்குலமாக வரைந்து எல்லாரும் பார்க்கும்படி போட்டிருந்தார். யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். பேர் போடவில்லை, பழைய வெல்டர் என்று மட்டும் கையெழுத்து. வெல்டிங் புகையில் தன் நெஞ்சு போனதால் இதை வரைந்ததாக இரண்டே வரி. போனே செய்துகொடுத்த தமிழாக்கம் சிரிப்பாகத்தான் இருந்தது, ரசிகரைப் பெட்டிக்குள் வைத்து நான்கு திருகாணியால் முடுக்கச் சொன்னது. ஆனால் படம் பொய் சொல்லவில்லை. கடைசி வரியும் தெளிவாகவே இருந்தது. இதற்கு விலை இல்லை, செய்து பாருங்கள், எங்கே தவறிப்போனீர்கள் என்று எழுதுங்கள், அது போதும்.

முன்பின் தெரியாத மனிதர் தன் தம்பிக்காகவே உட்கார்ந்து வரைந்த மாதிரி அவளுக்கு இருந்தது. போனைப் பார்த்துக் கும்பிட்டே விட்டாள்.

ஃபேன் உட்காரும் பெட்டியை, கம்ப்யூட்டர் வழியாகப் பொம்மை அச்சடிக்கிற கடையில் பிளாஸ்டிக்கில் அச்சடித்து வாங்கினாள். ஃபில்டர், பேட்டரி, குழாய் எல்லாம் படத்தில் சொன்னபடியே. மோட்டாரில்தான் அவளுக்குக் கை அரித்தது. இருபத்தைந்து வருஷமாகக் காயில் கட்டுகிறவளிடம் ஒரு மோட்டாரைக் கொடுத்து அப்படியே மாட்டு என்றால் எப்படி? சுற்றைக் குறைத்துத் தடித்த கம்பியில் கட்டினால் ஃபேன் இன்னும் வேகமாகச் சுற்றும், காற்று இன்னும் நிறைய வரும், தம்பிக்கு இன்னும் நல்லது. பிரித்தாள், கட்டினாள். தொப்பிக்குள் காற்று கடற்கரை மாதிரி அடித்தது. கடைசிப் பக்கத்தில் கறுப்புத் துணியை வைத்து ஏதோ சோதனை போட்டிருந்தது. தன் மோட்டாருக்குச் சோதனையா என்று அதைப் படிக்காமலே தள்ளிவிட்டாள்.

தம்பி மாட்டிக்கொண்டு பட்டறைக்குப் போனான். சாயங்காலம் வந்து, சொர்க்கம் மாதிரி இருக்கிறது அக்கா என்றான். மறுநாளும் அதையே சொன்னான். பன்னிரண்டு நாள் சொன்னான். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அக்காவும் அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள்.

பதின்மூன்றாம் நாள் காலையில் தம்பியின் மனைவி கடைக்கு வந்தாள். கிரைண்டர் மோட்டார் எப்படி ஓடுகிறது என்று விசாரித்தாள், அவர்கள் வீட்டில் கிரைண்டரே கிடையாது. வெயிலைப் பற்றிப் பேசினாள். அக்கா ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, வந்த விஷயத்தைச் சொல் என்றாள்.

"அண்ணி, நான் சொன்னேன்னு அவருக்குத் தெரியக் கூடாது. வேலை முடிஞ்சு வந்ததும் குளியலறையில குழாயைத் திறந்துவிட்டுட்டு காறித் துப்பறார். பழையபடியே வெள்ளையாத்தான் வருது."

அக்காவுக்கு முதலில் வந்தது கோபம். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம், அது போல வேறெங்கோ பழியைப் போடப் பார்த்தாள். பட்டறைக்கு வெளியே தூள் இருக்கும், தொப்பியைக் கழற்றிவிட்டுப் பேசியிருப்பான் என்றெல்லாம் அடுக்கினாள். பேசிக்கொண்டே போனை எடுத்து அந்தக் கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். தொப்பிக்குப் போகும் குழாய்க்குள் கறுப்புத் துணியை விட்டுத் துடையுங்கள், துணி கறுப்பாகவே வர வேண்டும் என்று இருந்தது. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, பட்டறை லீவு, தொப்பி வீட்டில்தான் இருந்தது. கடையைப் பூட்டிக்கொண்டு அவளோடேயே போனாள்.

துணி கல்லின் நிறத்தில் வெளியே வந்தது.

எப்படி என்று கண்டுபிடிக்க அவளுக்குக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை. ஃபேனை ஓடவிட்டு ஃபில்டரின் ஓரத்தில் விரல் வைத்துப் பார்த்தாள். அவள் கட்டின மோட்டாரின் வேகத்தில் ஃபில்டரின் சட்டம் உள்ளே வளைந்து, காற்றுக் கசியாமல் வைத்த ரப்பருக்கும் அதற்கும் நடுவே முடியளவு இடைவெளி விட்டிருந்தது. ஃபில்டர் வழியாக வர வேண்டிய காற்று அந்தச் சந்து வழியாகத் தூளையும் கூட்டிக்கொண்டு நேரே தம்பியின் மூக்குக்குப் போயிருக்கிறது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் அவள்.

தம்பி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். முதல் நாளிலிருந்தே நாக்கில் தூள் தட்டுப்பட்டதா என்று கேட்டாள். தலையைக் குனிந்துகொண்டான்.

"நீ கண்ணு பூக்க உட்கார்ந்து கட்டினது அக்கா. அதுல போய்க் குறை சொல்ல எனக்கு வாய் வரல."

"என் மனசு நோகக் கூடாதுன்னு உன் நெஞ்சை அரைச்சுக் குடுத்துட்டியா?"

அதற்குமேல் அவளால் திட்ட முடியவில்லை. அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நடுக்கூடத்தில் நின்று அழுதாள். யாரைத் திட்டுவது? நன்றாக இருக்கிறது என்று கேட்க ஆசைப்பட்டவள் அவள். அவள் கேட்டதை அவன் கொடுத்தான்.

அன்று பிற்பகலே படத்தில் இருந்த எண்ணிக்கைக்குக் காயிலைத் திருப்பிக் கட்டினாள். வெட்டிப் போட்ட தடித்த கம்பியைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை. மறுநாள் பட்டறைக்கே கூடப் போய், அவன் ஒரு மணி நேரம் ஓரம் தேய்த்த பிறகு, நாலு பேர் பார்க்கக் குழாய்க்குள் கறுப்புத் துணியை விட்டாள். கறுப்பாகவே வந்தது.

மீதி இருந்தது அந்தக் கடைசி வரி. எங்கே தவறிப்போனீர்கள் என்று எழுதுங்கள். திருப்பி வராத மோட்டார் கட்டுகிறவள் தன் மோட்டார் தம்பியைக் கெடுத்தது என்று உலகத்துக்கே எழுத வேண்டும். இரண்டு நாள் எழுதி எழுதி அழித்தாள். மூன்றாம் நாள், அந்த வெல்டர் தன் வெட்கத்தைப் பார்த்திருந்தால் இந்தப் படமே வந்திருக்காது என்று தோன்றியது. மளமளவென்று எழுதிவிட்டாள். மோட்டாரை வேகப்படுத்தினேன், சட்டம் வளைந்தது, சோதனை செய்யவில்லை, பன்னிரண்டு நாள் என் தம்பி தூளைத் தின்றான். இப்படிக்கு, காயில் கட்டுகிறவள்.

கேலி வரும் என்று காத்திருந்தாள். முதலில் வந்தது யாரோ ஒரு பெண்ணின் பதில். "நானும் பெரிய ஃபேன் மாட்டியிருந்தேன். என் வீட்டுக்காரர் மாவு மில்லில் ஒரு வாரமாகப் போட்டுக்கொண்டிருந்தார். நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு இன்று காலை கழற்றச் சொன்னேன். நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்." அடுத்து வெல்டரே எழுதினார். ரப்பர் உட்காரும் பள்ளத்தை ஆழமாக்கி, சட்டத்துக்கு இரண்டு பிடி கூட்டி, படத்தைத் திருத்திவிட்டாராம். சோதனையைக் கடைசியில் வைத்தது தன் தப்பு என்று முதல் பக்கத்துக்கே கொண்டு வந்துவிட்டாராம். அக்கா அதைத் தம்பிக்கு வாசித்துக் காட்டினாள், பாதியில் நிறுத்தி, முதலிலிருந்து மறுபடி வாசித்தாள். இப்படியும் மனிதர்கள் இருக்கிறார்களே என்றாள்.

தவணை முடிந்தது. டாக்டர் குழாயை நீட்டினார். தம்பி ஊதினான். கோடு ஏறி, பழைய இடத்துக்கு வந்து நின்றது. கூடவில்லை, குறையவும் இல்லை. டாக்டர் இன்னொரு தடவை ஊதச் சொன்னார், மூன்றாம் தடவையும் ஊதச் சொன்னார். மூன்றும் ஒரே இடம்தான். இதே ஜாக்கிரதையோடு வேலையைப் பாருங்கள், ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்றார்.

ஆஸ்பத்திரி வாசலில் தம்பி நின்று அவள் கையைப் பிடித்துக்கொண்டான். உன்னால்தான் அக்கா என்று ஆரம்பித்தான்.

"அந்தப் பேச்சே வேண்டாம்," என்று அவள் கையை விடுவித்துக்கொண்டாள். "இப்ப என்ன குறை? அதைச் சொல்லு."

அவன் வழக்கம்போல ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தான். அவள் பார்த்த பார்வையில் அதை முழுங்கினான். நெற்றிப் பட்டை இறுக்குகிறது என்றான். பேட்டரி மத்தியானத்துக்கு மேல் சோர்ந்து போகிறது, குழாய் ஒரு சாண் நீளம் போதவில்லை, குனிந்தால் தொப்பி முன்னால் சரிகிறது, ஃபேன் சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவன் கத்தினால்கூடக் காதில் விழவில்லை, கண்ணாடியில் வியர்வை படிகிறது, பெல்ட்டு இடுப்பெலும்பை அறுக்கிறது, அந்தப் பச்சைக் கலர் அவனுக்குப் பிடிக்கவே இல்லை. பஸ் ஸ்டாப் வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தான். அத்தனையும் கேட்டுக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அக்கா கூடவே நடந்தாள். அவ்வளவு குறை சொல்லியும் வழியில் ஒரே ஒரு இடத்தில்தான் அவன் மூச்சு வாங்க நின்றான்.