சூடு அடுப்புக்கா, ஆளுக்கா

அந்த ரொட்டிக்கடையில் வெப்பமானி கிடையாது. மாஸ்டரம்மாவின் வலது கைதான் இருந்தது. செங்கல் அடுப்பின் வாய்க்குள் கையை நீட்டி எண்ணுவாள். பத்து எண்ணும்வரை தாங்கினால் பதமான சூடு. ஐந்திலேயே கையை இழுக்க வேண்டி வந்தால் சூடு அதிகம். பாதித் தணலை வாரி வெளியே கொட்டிவிட்டுத்தான் ரொட்டியை உள்ளே தள்ளுவாள். இருபத்திரண்டு வருடமாக அந்தக் கை பொய் சொன்னதில்லை. வீட்டுக்காரரைப் பற்றி அவளால் அப்படிச் சொல்ல முடியாது.

அந்தக் கைக்குத்தான் கேடு வந்தது. ஒரே வாரத்தில் மூன்று நாள் ரொட்டி வேகாமல் வெளுத்துப் போய் வந்தது. மூன்று நாளும் நான்கு எண்ணுவதற்குள் கையை இழுத்துக்கொண்டு, "பேய்ச் சூடா இருக்கு" என்று தணலை வாரியவள் அவள்தான். அடுப்பில் விரிசல் என்றாள். கொத்தனார் அடுப்புக்குள் தலையை விட்டுப் பார்த்து, "இது என்னைவிட நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். விறகைக் குறை சொன்னாள். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்று மாவு பிசைகிறவர் முணுமுணுத்தது அவள் காதில் நன்றாகவே விழுந்தது.

"அடுத்த வாரம் கரண்ட் அடுப்பு வருதும்மா. நீங்க பொட்டலம் கட்டுற எடத்துல உக்காந்துக்கலாம்" என்றார் முதலாளி.

உட்கார்ந்துகொள்ளலாமாம். அவளுக்கு அழுகை முட்டியது. அந்த அடுப்பை விட்டால் அவளை மாஸ்டர் என்று கூப்பிட உலகத்தில் நாதி இல்லை.

சாயங்காலம் இந்தக் கதையை நாத்தனாரிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வேர்த்துக் கொட்டியது. எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தாள். நாத்தனார் நர்ஸ். ரொட்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அண்ணி, கடைசியா எப்ப பீரியட்ஸ் வந்துச்சு?"

"அந்தச் சனியன் தொலைஞ்சு ஒம்பது மாசம் ஆச்சு."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"தொல்லை பண்ண விருந்தாளி வரலைன்னா தேடிக்கிட்டா போவாங்க?"

மறுநாள் நாத்தனார் அவளை டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள். நாற்பத்தொன்பது வயதில் இது இயல்புதான், முழுசாக ஒரு வருடம் வராவிட்டால்தான் நின்றுவிட்டது என்று கணக்கு, அதற்குப் பிறகு ஒரு சொட்டு பட்டாலும் உடனே வரவேண்டும் என்றார் டாக்டரம்மா. திடீரென்று நெஞ்சிலிருந்து முகத்துக்கு ஏறும் சூடும் இதனால்தான். தாங்க முடியாவிட்டால் மருந்து இருக்கிறது. எதற்கும் தைராய்டையும் பார்த்துவிடலாம் என்று ரத்தம் எடுக்கச் சொன்னார்.

மாஸ்டரம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அந்தச் சூடு எத்தனை நிமிஷம் இருக்கும்?"

"பெரும்பாலும் அஞ்சு நிமிஷத்துல எறங்கிடும்."

அடுத்த நாள் காலையில் எல்லார் முன்னாலும் முதலாளியை நிறுத்தினாள். "எனக்கு மாசாமாசம் வர்றது நிக்கப் போவுது."

முதலாளி கூரையைப் பார்த்தார். மாவு பிசைகிறவர் மாவுக்குள்ளேயே புகுந்துவிடுவார்போலிருந்தது.

"அதனால ஒடம்பு கொதிக்குது. என் சூட்ட அடுப்புச் சூடுன்னு நெனச்சிட்டேன். தப்பு என்னோடதுதான். இப்ப பாருங்க."

முகத்தில் வேர்வை வழியக் கையை நீட்டினாள். நான்கு. தணலைத் தொடவில்லை. வாசலில் போய்ப் பத்து நிமிடம் நின்றாள். வேர்வை அடங்கியது. திரும்பி வந்து நீட்டினாள். பத்து.

ரொட்டி பொன்னாக வந்தது. முதலாளி ஒன்றை எடுத்து அடிப்பக்கம் தட்டிப் பார்த்தார். கரண்ட் அடுப்பு வேண்டாமென்று சொல்லிவிடுகிறேன் என்றார். அப்புறமும் நகரவில்லை. குரலைத் தாழ்த்தினார்.

"எங்க வீட்டுலயும் இப்படித்தாம்மா. பக்கத்துல போனா தள்ளிவிடுறா, போர்வைய ஒதைக்கிறா. ஆறு மாசமா என்னைப் புடிக்கலையோன்னு நெனச்சிட்டிருந்தேன்."

அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் பொட்டலம் கட்ட அனுப்பப் பார்த்தவர்.

"பத்து நிமிஷம் வெளிய நின்னுட்டு மறுபடி போய்ப் பாருங்க" என்றாள். "அப்பவும் தள்ளினா அது சூடு இல்ல, நீங்கதான்."