விக்கலுக்குச் சொல்லாத பேர்

என் மனைவி பாலேஸ்வரியிடம் எல்லாவற்றுக்கும் ஒரு சகுனம் இருந்தது. காகம் கத்தினால் விருந்தாளி வரும், வலக்கண் துடித்தால் கவலை வரும். எனக்கு விக்கல் எடுத்தால் ஆரோ நினைக்கிறார்களாம். ஆளைக் கண்டுபிடிக்க அவளிடம் வழியும் இருந்தது. பேர்களை ஒவ்வொன்றாகச் சொல்வாள். எந்தப் பேரில் விக்கல் நிற்கிறதோ, நினைத்தவர் அவர்தான்.

நான் உடுவிலில் பெரிய வகுப்புகளுக்கு விலங்கியல் படிப்பிக்கிறவன். சும்மா இருப்பேனா?

"இஞ்சாரும், உது நெஞ்சறைக்குக் கீழை இருக்கிற பிரிமென்றகடு இழுக்கிறது. மூச்சைப் பிடிச்சால் நிண்டிடும்."

"ஓம், உங்கடை தகடு! தண்ணியைக் குடியுங்கோ."

தொண்ணூற்று மூன்றில், சண்டையால் தரைப்பாதை மூடியிருந்த காலம், எங்கள் ஒரே மகன் கேதீஸ்வரன் கொழும்புக்குப் போகவென்று கிளாலியில் வள்ளம் ஏறினான். கடலில் வள்ளங்கள்மேல் துப்பாக்கிச் சூடு நடந்ததென்று பிறகு கேள்விப்பட்டோம். சிலர் அக்கரை சேர்ந்தார்கள். அவன் சேர்ந்தானா என்று சொல்ல ஒருவரும் இல்லை. பின்னேரங்களில் எந்தச் சைக்கிள் மணி கேட்டாலும் என் காது வாசல் படலைக்குப் போய்விடும். அவனைக் காண வேண்டும். வேறொன்றும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

அதற்குப் பிறகும் எனக்கு விக்கல் எடுத்தது. பாலேஸ்வரி பேர்கள் சொன்னாள். அந்தப் பேர்வரிசையில் அவளுடைய தங்கை குணலட்சுமி வந்தாள், அடுத்த வளவு ஏரம்பு வந்தார், கனடா மச்சானும் வந்தார். ஒரு பேர் மட்டும் அவள் வாயில் வரவில்லை. சொல்லி, விக்கல் நிற்காவிட்டால்? அந்தப் பயம் எனக்கும் விளங்கியது. நான் கேட்கவில்லை.

ஒருநாள் காலை புட்டு. தேங்காய்ப்பூ குறைச்சல், தொண்டையை அடைத்தது. விக்கல் பிடித்துத் தண்ணீருக்கும் மசியவில்லை. பாலேஸ்வரி செம்போடு பக்கத்தில் நின்று தொடங்கினாள். சொந்தம் முடிந்தது, அயல் முடிந்தது, என்னோடு படிப்பித்தவர்களும் முடிந்தார்கள். விக்கல் முடியவில்லை.

"இனி ஆரப்பா மிச்சம்?" என்று பகிடியாகக் கேட்டுவிட்டேன்.

அவள் சிரிக்கவில்லை. செம்பை மேசையில் வைத்தாள்.

"எங்கடை கேதீஸோ?"

நான் மூச்சைப் பிடித்தேன்.

அவள் என் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். நெஞ்சு வெடிக்கும் போலிருந்தது. விடவில்லை.

"நிண்டிட்டுது," என்றாள். "நிண்டிட்டுதப்பா! பிள்ளை எங்களை நினைக்கிறான்."

என்னால் தலையைத்தான் ஆட்ட முடிந்தது. அவள் அழுதுகொண்டே சாமியறைக்கு ஓடினாள்.

நான் கிணற்றடிக்குப் போய் மூச்சை விட்டேன். மிச்ச விக்கலை அங்கே ஒளித்து எடுத்து முடிக்கலாம் என்றிருந்தேன். வரவில்லை. நின்றேன், பார்த்தேன், வரவேயில்லை.

மூச்சைப் பிடித்தால் நிற்கும் என்று காலமெல்லாம் படிப்பித்தவன் நான்தான். ஆனால் நான் பிடிக்க முதலே, அவன் பேரைக் கேட்ட உடனேயே நின்றிருந்தால்? இனி எப்படி அறிவது? சோதனையை நானே கெடுத்துப்போட்டேன். அவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது. எனக்குக் கிடைக்கவில்லை.

அன்று பின்னேரம் குசினி வாசலில் போய் நின்றேன்.

"இஞ்சாரும், நாளைக்கும் புட்டு அவியும்."

"இண்டைக்கு விக்கினது போதாதோ?"

"நல்லாக் காய்ஞ்சதாய் அவியும்."

மறுநாள் செம்பைத் தள்ளி வைத்துவிட்டு, வெறும் புட்டைப் பிடி பிடியாக விழுங்கினேன். ஒரு விக்கல் வரட்டும். இந்த முறை மூச்சைப் பிடிக்காமல், அவன் பேரை நானே சொல்லிப் பார்க்க வேண்டும்.