ரோஸ் மெழுகுதிரி

கொட்டாஞ்சேனைச் சனத்துக்குக் காத்திருக்கத் தெரியாது. பஸ் நிற்பதற்கு முன்னம் இறங்குவார்கள். பூசை முடிவதற்கு முன்னம் வாசலில் போய் நிற்பார்கள். நத்தார், அதுதான் கிறிஸ்துமஸ், வருவதற்கு முன்னமே அதைக் கொண்டாடி முடித்துவிட்டு, நத்தார் அன்று களைத்துப்போய்ப் படுத்திருப்பார்கள். ஒக்டோபர் கடைசியிலேயே சுப்பர்மார்க்கெட்டில் மணியடிக்கிற பாட்டுப் போட்டுவிடுகிறார்கள். நவம்பர் பிறந்தால் எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு நட்சத்திரம். அதுவும் பச்சையும் சிவப்புமாய்க் கண்ணடிக்கிற பிளாஸ்டிக் சாமான். அதைப் பின்தொடர்ந்தால் ஞானிகள் பெத்லகேமுக்கு அல்ல, கசினோவுக்குத்தான் போய்ச் சேருவார்கள்.

திருவருகைக் காலம் என்று ஒன்று இருக்கிறது. நத்தாருக்கு முந்திய நாலு ஞாயிறு. பீடத்துக்கு ஊதாத் துணி, பச்சை இலை வளையத்தில் நாலு மெழுகுதிரி, கிழமைக்கு ஒன்றாகக் கொளுத்துவது. மூன்று ஊதா, ஒன்று ரோஸ். ரோஸைக் கொளுத்துவது மூன்றாம் ஞாயிறு. பாதித் தூரம் தாண்டிவிட்டோம், கொஞ்சம் முகம் மலரலாம் என்று அர்த்தம். இதெல்லாம் எங்கள் ஆட்களுக்கு அலங்காரம். ரோஸ் மெழுகுதிரி கடையில் முடிந்துவிட்டதென்று பிறந்தநாள் கேக்கில் வைக்கிற மெழுகுதிரியைக் குத்தின வீட்டை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நான் ஐறீன். எங்கள் கோயில் கொயருக்கு, பாட்டுக் குழுவுக்கு, நான்தான் பொறுப்பு. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், கலியாணம் கட்டாதவள். அதனால்தான் மற்றவர்களின் குறை பார்க்க நேரம் கிடைக்கிறதென்று பின்னால் சொல்கிறார்கள். கிடைக்கிறதுதான். பார்க்கக் குறையும் தாராளமாக இருக்கிறது.

திருவருகைக் காலத்துப் பூசையில் வானவர் கீதம் பாடக் கூடாது. பாலன் பிறந்த இரவில் சம்மனசுகள் பாடினது அது. பிறக்காத பிள்ளைக்கு யாராவது தாலாட்டுப் பாடுவார்களா? நத்தார்ப் பாட்டுகளைப் பழகுவதென்றாலும் என் கொயர் ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் பழக வேண்டும். கீபோர்ட் வாசிக்கிற நிக்கலஸ் வெள்ளவத்தையில் பிளாட் வாங்கிப் போனதிலிருந்து ஒவ்வொரு பயிற்சிக்கும் பிந்தித்தான் வருகிறான். வந்த உடனே, "மிஸ், வேர்க்குது, ஜன்னலைத் திறப்பமா?" என்பான். வேர்க்கட்டும். மரியாள் கழுதையில் ஏசி போட்டுக்கொண்டா போனாள்?

இந்தச் சட்டத்தை என் முன்னால் மீறின ஒரே ஆள் றஞ்சிதம்.

அவள் எங்கள் கொயரின் பெரிய குரல். பேலியகொடை மீன் சந்தையில் வியாபாரம் செய்த குடும்பம். இரைச்சலுக்கு மேலாகக் கத்திப் பழகின தொண்டை. சில வருடங்களுக்கு முன் திருவருகையின் முதலாம் ஞாயிறு, இரக்க மன்றாட்டு முடிந்த கையோடு, மற்ற ஞாயிறுகளில் பாடுகிற பழக்கதோஷத்தில் வானவர் கீதத்தை எடுத்துவிட்டாள். ஒற்றைக் குரல், கோயில் நிறைய. நான் கையை உயர்த்தி நிறுத்தினேன். பாதி வரியில் வாய் திறந்தபடி நின்றாள். முன் வரிசையில் சிரிப்பு. பூசை முடிந்ததும் எல்லோர் முன்னிலும், "கலண்டர் பார்க்கத் தெரியாத ஆக்கள் கொயருக்கு வராதீங்கோ" என்றேன். அவள் அடுத்த ஞாயிறும் வந்தாள், என் பக்கத்திலேயே நின்றாள், என்னைவிட உரத்துப் பாடினாள். அதற்குப் பிறகு எங்களுக்குள் ஒரு மாதிரியான சிநேகிதம் வந்தது. பெரும்பாலும் ஒருவரை ஒருவர் குத்திக் கதைப்பதுதான். ஆனால் அவள் பக்கத்தில் நிற்காத ஞாயிறு எனக்குச் சுருதி சேருவதில்லை.

இந்த வருடம் அவளுக்கு ஈரலில் புற்றுநோய். கண்டுபிடிக்கும்போதே பிந்திவிட்டது.

டிசம்பர் தொடங்கி ஒரு கிழமை போயிருக்கும், அவளுடைய மகள் நிலூஷா என்னிடம் வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"அன்ரி, அம்மா நத்தார் வரைக்கும் இருக்க மாட்டா எண்டு டொக்டர் சொல்லிட்டார். அதால வாற சனிக்கிழமை நாங்க வீட்டில நத்தார் வெக்கப் போறம். குடில், கேக், எல்லாம். அம்மாவுக்கு மருந்து மயக்கத்தில நாள் தெரியாது. இருபத்துநாலு எண்டு சொல்லப் போறம். நீங்க கொயரைக் கூட்டிட்டு வந்து வானவர் கீதம் பாடணும்."

"பொய் சொல்லி நத்தார் வெக்கிறீங்க?" என்றேன்.

"பொய் இல்ல அன்ரி. ஆசைக்கு."

எங்கள் சனத்தின் அகராதியில் பொய்க்கு எத்தனை செல்லப் பெயர்! பாதரிடம் போய் நியாயம் கேட்டேன். புதுசாக வந்த இளம் பாதர், கிற்றார் வாசிக்கிறவர், பிரசங்கத்துக்கு நடுவில் கைதட்டச் சொல்கிறவர். "மிஸ், கடவுளுக்குத் திகதி முக்கியமில்லை, அன்புதான் முக்கியம்" என்று ஒரு சிரிப்புச் சிரித்தார். அப்படியென்றால் வாற ஓகஸ்டில் உயிர்ப்பு ஞாயிறு வைப்போம், பாதர் என்று வாய் வரைக்கும் வந்தது. குருப்பட்டத்துக்கு மரியாதை என்று விழுங்கிக்கொண்டேன்.

போவதில்லை என்றுதான் இருந்தேன். ஆனால் நான் போகாவிட்டால் நிக்கலஸ் கொயரைக் கூட்டிக்கொண்டு போய் பைலா ஆட்டப்பாட்டு அடித்துவிட்டு வருவான். அது ஒரு காரணம். மற்றது, அவள் போய்விட்டால் என் பக்கத்தில் யார் நிற்கப் போகிறார்கள் என்ற நினைப்பு. அந்த நினைப்பு வந்ததும் என் சட்டம், ஊதாத் துணி, எல்லாம் ஒரு பக்கம் போய்விட்டது. எனக்கு அவள் செத்துப் போவது பிடிக்கவில்லை. அவ்வளவுதான். சாகத்தான் வேண்டும் என்றால் நான் பாடுவதைக் கேட்டுவிட்டுச் சாகட்டும்.

சனிக்கிழமை பின்னேரம் போனோம். தொடர்மாடியின் நாலாம் மாடி, லிஃப்ட் வேலை செய்யாது. கதவைத் திறந்ததுமே எனக்குத் தலை சுற்றியது. ஜன்னலில் அந்தக் கண்ணடிக்கிற நட்சத்திரம். மேசையில் லவ் கேக்கும் பிறீடரும் என்று நத்தார்ப் பலகாரம். நிலூஷாவின் புருஷன் பிறெடி நத்தார் பப்பாத் தொப்பி போட்டுக்கொண்டு, மட்டக்குளியிலிருந்து வந்த தன் அண்ணன்மாருக்குக் கிளாஸில் எதையோ ஊற்றிக்கொண்டிருந்தான். சாவு வீட்டுக்கும் கலியாண வீட்டுக்கும் ஒரே சேர்ட்டைப் போடுகிற கூட்டம் அது. இது எந்த வீடு என்று அவர்களுக்கே தெரியவில்லை.

கட்டிலுக்கு எதிரே குடில். வைக்கோல், மாடு, கழுதை, இடையர்கள். நடுவில் பாலன், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு. எங்கள் வழக்கத்தில் இருபத்துநாலாம் திகதிச் சாமப் பூசை வரைக்கும் தொட்டில் வெறுமையாகக் கிடக்க வேண்டும். பாலனை யாராவது அலுமாரிக்குள் ஒளித்து வைத்திருப்பார்கள். இங்கே அவர் வந்து படுத்து, மேலே பஞ்சு மழையும் பெய்துவிட்டது.

றஞ்சிதம் தலையணையில் சாய்ந்திருந்தாள். முகம் மஞ்சளாய், சின்னதாய். கையைப் பிடித்தேன். எலும்பு.

"அம்மா, ஐறீன் அன்ரி வந்திருக்கிறா. இண்டைக்கு நத்தார் எல்லோ, பாட வந்திருக்கிறா" என்றாள் நிலூஷா, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல.

நிக்கலஸ் சுருதி கொடுத்தான். நான் எடுத்தேன். திருவருகைக் காலத்தில், வாழ்க்கையில் முதல் தடவை, வானவர் கீதம். முதல் வரி முடியவில்லை, றஞ்சிதம் கையை உயர்த்தினாள். நான் கொயரை நிறுத்துகிற அதே கை, அதே உயரம்.

எல்லோரும் நின்றோம்.

"அண்டைக்குக் கோயில்ல நான் எடுக்கேக்க நிப்பாட்டினனீ. இண்டைக்கு நீயே எடுக்கிறியா?" குரல் போயிருந்தது. குத்து மட்டும் அப்படியே இருந்தது.

"அம்மா, இண்டைக்கு இருபத்துநாலு…"

"வாயை மூடடி. அங்க பார்."

விரலை நீட்டினாள். கட்டிலுக்குப் பக்கத்துச் சின்ன மேசையில் அவளுடைய மெழுகுதிரி வளையம். ஞாயிற்றுக்கிழமைகளில் மகளைத் தூக்கி இருத்தச் சொல்லி, தானே கொளுத்தி, தானே செபம் சொன்ன வளையம். இரண்டு ஊதா மெழுகுதிரி எரிந்து கட்டையாகியிருந்தது. ரோஸ் மெழுகுதிரி, கடையில் வாங்கினபடி, திரிகூடக் கறுக்காமல் நெடுநெடுவென்று நின்றது. கேக்கை யோசித்தார்கள், தொப்பியை யோசித்தார்கள், மாட்டுக்குப் பஞ்சு ஒட்ட யோசித்தார்கள். இதை ஒருத்தரும் யோசிக்கவில்லை. கலண்டரைப் பற்றி ஊருக்குப் புத்தி சொன்ன நானும் பார்க்கவில்லை.

"ரோஸ் இன்னும் கொளுத்தேல்ல. நத்தார் எங்கயிருந்து வந்தது, பார்சல்லயா?"

பிறெடி தொப்பியைக் கழற்றினான்.

நிலூஷா அழத் தொடங்கினாள். "அம்மா, நீங்க அது வரைக்கும் இருக்க மாட்டீங்க எண்டு…"

"இருக்கிறனோ இல்லையோ, அது எனக்கும் அவருக்கும் உள்ள கதை. நீங்க ஆர் முடிவு சொல்ல?" மூச்சு வாங்கினாள். பிறகு மெல்லமாகச் சொன்னாள். "விடிய எழும்பினா வயித்துக்குள்ள வலி. அதுக்குப் பிறகு எனக்கு இருக்கிறது ஒண்டே ஒண்டு. இன்னும் வரேல்ல, வரப் போறார் எண்ட நினைப்பு. அதையும் இண்டைக்கே கேக்கோட வெட்டி முடிச்சிட்டா, நாளைக்கு நான் என்னத்தைப் பாத்துக் கண்ணை முழிக்கிறது?"

அந்த நட்சத்திரம் மட்டும் பச்சையும் சிவப்புமாய்க் கண்ணடித்துக்கொண்டிருந்தது.

"பிள்ளையை வெளியில எடு, ஐறீன்."

எடுத்தேன். உள்ளங்கை அளவு, சீமைச்சுண்ணாம்பில் செய்தது, ஒரு பெருவிரல் உடைந்திருந்தது.

"உன்ட வீட்டுக்குக் கொண்டு போ. இவளிட்ட குடுக்காத, இவள் அழுதழுது கொண்டந்து வெச்சிடுவாள். உனக்குத்தான் கல்லு மனசு. சாமப் பூசை முடிஞ்ச பிறகு கொண்டு வா."

எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதுதான் பெரியது. கைக்குட்டையில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்தேன். பிறகு திருவருகைப் பாட்டு ஒன்று பாடினோம், வாரும் ஆண்டவரே என்று கெஞ்சுகிற, சோகமான, நீளமான பாட்டு. நிக்கலஸ் ஒழுங்காக வாசித்தான். றஞ்சிதம் உதட்டை மட்டும் அசைத்தாள். மட்டக்குளி அண்ணன்மார் கிளாஸை எங்கே வைப்பதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கேக்கை அப்படியே மூடி வைத்தார்கள்.

மறுநாள் ரோஸ் மெழுகுதிரி கொளுத்தினாள். நெருப்புப் பெட்டியை நான் பிடிக்க, குச்சியை அவள் உரசினாள். சிரித்தாள்கூட. அடுத்த ஞாயிறு கடைசி மெழுகுதிரி. அதற்குள் குச்சி பிடிக்கக் கை வரவில்லை. என் கையைத் தன் கையால் தொட்டுக்கொண்டிருந்தாள், நான் கொளுத்தினேன்.

அதற்குப் பிறகு அவளுக்கு உடம்பு இறங்கிக்கொண்டே போனது. சாப்பாடு நின்றது, கதை நின்றது. நத்தாருக்கு முதல் நாளுக்கு முதல் நாள் காலையில் நிலூஷா போன் எடுத்தாள். "அன்ரி, மூச்சு ஒரு மாதிரிப் போகுது. கெஞ்சிக் கேக்கிறன், பாலனைக் கொண்டு வாங்கோ. கையில ஒருக்கா வெப்பம்."

கல்லு மனசாவது மண்ணாங்கட்டியாவது. பாலனைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, வீதியில் நின்ற முதல் திறீவீலில் ஏறினேன். வண்டிக்குள் நத்தார்ப் பாட்டு உரத்துப் போய்க்கொண்டிருந்தது. நிறுத்தச் சொல்லவில்லை, "மல்லி, இக்மனட்ட யன்ன", தம்பி கெதியாய்ப் போ என்று சிங்களத்தில் டிறைவரை விரட்டினேன். நாலு மாடியும் எப்படி ஏறினேனோ தெரியாது.

கட்டிலில் குனிந்தேன். "றஞ்சி, கொண்டு வந்தனான். வெக்கட்டா? ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன்."

கண் பாதி திறந்தது. கைக்குட்டையை விரித்து அவளுடைய உள்ளங்கைக்குக் கிட்டக் கொண்டுபோனேன். விரல்கள் அசைந்தன. பிடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். மெல்ல, மிக மெல்லக் கையைப் பொத்தி மூடிக்கொண்டாள். கண் என் முகத்திலேயே இருந்தது. அதில் ஒரு நக்கல் இருந்தது, சத்தியமாக இருந்தது. கலண்டர் பார்க்கத் தெரியாதவள் கொயருக்கு ஏன் வந்தாய் என்கிற நக்கல்.

பாலனைத் திரும்பச் சுற்றிக் கைப்பைக்குள் வைத்தேன். நிலூஷா என்னைக் கொலைகாரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பார்க்கட்டும்.

இறங்கி நேரே கோயிலுக்கு வந்தேன். நடுப்பகல், உள்ளே ஒருவரும் இல்லை. பீடத்தில் ஊதாத் துணி. குடிலில் தொட்டில் வெறுமையாக இருந்தது, நான் சொன்னபடி, சட்டப்படி. வெளியே வீதி முழுக்க இரைச்சல், பட்டாசு, சாமான் விற்கிற சத்தம், இன்னும் வராத நத்தாரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிற சனம். முழங்காலில் நின்று கைப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன். காத்திருக்கத் தெரியாத கொட்டாஞ்சேனைச் சனத்தில் நானும் ஒருத்தி, வேறென்ன.

"ஆண்டவரே, திகதிக்கு முந்தி அவள் அசைய மாட்டாள். எனக்கு அவளைத் தெரியும். அதால நீர்தான் வரவேணும். மெல்லமா ஆறுதலா வாறன், நேரத்துக்கு வாறன் எண்ட கதையெல்லாம் எனக்கு வேண்டாம். இந்த ஒரு முறை, ஓடி வாரும்."