பிரித்துப் போட்ட பக்கம்

அச்சகத்தில் அவளுக்குக் கழுகு என்று பெயர். வைத்தது அவளுடைய அண்ணன்தான். ஈய எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலம் மாறி இருக்கும். கோத்த பக்கத்தைத் தலைகீழாக வைத்துத்தான் படிக்க வேண்டும். மற்றவர்கள் குனிந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு படிப்பதை அவள் நாலு மேசை தள்ளி நின்றே படித்துவிடுவாள். அண்ணனுக்குப் பக்கத்து எழுத்துப் பட்டறையில் வேலை. ஈயத்தை உருக்கி எழுத்து வார்ப்பவன். ஒருநாள் அவன், தான் கட்டிக்கொள்ள நினைத்த பெண்ணுக்காக நாலு வரி கோத்து, தாளில் ஒற்றி எடுக்கலாமென்று திருட்டுத்தனமாகக் கொண்டுவந்தான். அவள் இருந்த இடத்திலிருந்தே அதை உரக்கப் படித்து, அத்தனை பேரையும் வயிறு வலிக்கச் சிரிக்க வைத்தாள்.

"இது கண்ணா, கழுகா?" என்றான் அண்ணன், காது வரை சிவந்துபோய். பெயர் ஒட்டிக்கொண்டது. அந்தப் பெண்ணும் அண்ணியாக வந்து சேர்ந்தாள்.

அதிலிருந்து அவளுக்குத் தலைகால் புரியாத பெருமை. "கையில எடுத்த எழுத்தை நான் படிக்காம விட்டதே இல்ல" என்பாள். கேட்டவர்களிடமும் சொல்வாள், கேட்காதவர்களிடமும் சொல்வாள். இந்த ஒரு வாக்கியத்துக்காக வாயைக் கட்டியிருக்கலாம் என்று பின்னால் எத்தனையோ முறை நினைத்துக்கொண்டாள். ஆனால் பின்னால் வருகிற புத்தியால் யாருக்கு என்ன லாபம்?

அண்ணனும் தங்கையும் பிரிந்தது ஓர் இயந்திரத்தால். ஒருவர் முன்னால் உட்கார்ந்து கட்டைகளைத் தட்டினால் போதும். ஒரு முழு வரி ஒரே ஈயப் பாளமாகச் சுடச்சுட வந்து விழும். முதலாளி அதை வாங்கிப் போட்டார். அதை ஓட்டக் கற்றுக்கொண்டு வந்து நின்றவன் அண்ணன். அடுத்த மாதமே, கையால் அச்சுக் கோத்துக்கொண்டிருந்த நாலு பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அழைப்பிதழ், அறிவிப்பு என்று சில்லறை வேலைக்காக அவளை மட்டும் வைத்துக்கொண்டார்கள். போகிற நாலு பேர் முன்னால் அவள் அண்ணனைப் பார்த்து, "கூட இருந்தே குழி பறிச்சவன் நீ. இனிமே எனக்கு அண்ணன் கிடையாது" என்றாள். அவன் கையில் இருந்த துணியால் இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

சில மாதத்தில் அண்ணன் ஊரின் மறுகோடியில் வேறோர் அச்சகத்துக்கு இயந்திரம் ஓட்டப் போய்விட்டான். மூன்று வருஷம் ஓடியது. நடுவில் இரண்டு முறை அவனிடமிருந்து கடிதம் வந்தது. இரண்டையும் பிரிக்காமலே திருப்பி அனுப்பினாள். பிடித்த பிடியை விடுகிற குடும்பம் இல்லை அது.

அந்தத் திங்கட்கிழமை அவள் வந்தபோது, அவளுடைய கல்மேசையில் ஒரு பக்கம் கட்டி வைக்கப்பட்டிருந்தது. எல்லாம் புத்தம் புது எழுத்து, வெள்ளிபோல மின்னியது. சீட்டு எதுவும் இல்லை. எழுத்து தேய்ந்துவிட்டது, பத்தவில்லை என்று இரண்டு மாதமாக முதலாளியை அரித்தெடுத்துக்கொண்டிருந்தாள். பட்டறையில் சொல்லியிருப்பதாக அவரும் சொல்லியிருந்தார். புது எழுத்து வார்த்தால், எல்லாம் ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று பார்க்க வாய்க்கு வந்ததை ஒரு பக்கம் கோத்துச் சரிபார்ப்பது பட்டறை வழக்கம். அந்தப் பக்கத்தை அப்படியே கட்டி அனுப்பிவிடுவார்கள்; எழுத்தைப் பிரித்து எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். இதுவும் அதுதான் என்று நினைத்தாள். பதினோரு மணிக்கு ஓர் அறிவிப்பு முடிந்தாக வேண்டும். எழுத்து வந்ததே பெரிது.

கயிற்றை அவிழ்த்தாள். அது வழக்கத்துக்கு மாறாக இடப்பக்கமாகச் சுற்றியிருந்தது. "கயிறு சுத்தக்கூடத் தெரியல" என்று முணுமுணுத்தாள். நாலைந்து வரிகளாக இடக்கையில் ஏந்திக்கொண்டு, வரியின் கடைசியிலிருந்து ஒவ்வொரு சொல்லாக எடுத்து, ஒவ்வோர் எழுத்தையும் எழுத்துப் பெட்டியில் அதனதன் அறையில் போட்டாள். எழுத்து எது என்று கை பார்த்துக்கொண்டது. மனசு பதினோரு மணி அறிவிப்பில் இருந்தது. சொற்களுக்கு நடுவே இடைவெளி கோணல்மாணலாக இருந்தது. ஒரு வரி தளர்ந்து இரண்டு எழுத்து கீழே விழுந்தது.

"எவன் கோத்தான் இதை? கையா, காலா?" என்று அவள் கேட்க, அச்சு ஓட்டுகிறவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். கால் மணி நேரத்தில் மேசை காலி.

அடுத்த வாரம் புதன்கிழமை, சாப்பாட்டு வேளையில் அண்ணி வந்து நின்றாள். மூன்று வருஷம் கழித்து வருகிறவளை உட்காரச் சொல்லக்கூட அவளுக்கு வாய் வரவில்லை.

"உங்க அண்ணன் கப்பல் ஏறிட்டார்" என்றாள் அண்ணி. "வெள்ளிக்கிழமையே. வெளிநாட்டுல இந்த மெஷினை ஓட்டக் கூப்பிட்டாங்க. அடுத்த மாசம் நானும் போறேன். திரும்பி வருவோமான்னு தெரியல."

"எனக்கு யாரும் சொல்லலையே அண்ணி."

அண்ணி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "சொல்லலையா? ஒரு வாரம் பழைய பட்டறையில சாப்பிடாமக்கூட உட்கார்ந்து எழுத்து வார்த்தார். உன் பெட்டியில இருந்து எடுத்தா உனக்குப் பிடிக்காதாம். காவக்காரரைக் கெஞ்சி உள்ள வந்து, ஞாயித்துக்கிழமை பூரா இங்க உட்கார்ந்து கோத்து உன் மேசையில வச்சுட்டு வந்தாரே. 'கடுதாசியைத் திருப்பி அனுப்புவா, எழுத்தைக் கண்ணால பார்த்துட்டா படிக்காம இருக்க அவளால முடியாது'ன்னார். கப்பலடிக்கு வந்து ஒரு தடவை மூஞ்சியைக் காட்டுன்னு கேட்டிருந்தார். கடைசி மணி அடிக்கிற வரைக்கும் ஏணிப்படியில ஏறாம நின்னார்."

அவளுக்குத் தெரிந்து இடக்கைப் பழக்கக்காரன் அண்ணன் ஒருவன்தான். கயிறு அதைத்தான் சொல்லியிருக்கிறது. வார்க்கிறவன் ஆயிற்றே, கையால் கோத்துப் பழக்கமில்லை. அதனால்தான் அந்தக் கோணல். அதைப் பார்த்துத்தான் அவள் சிரித்திருக்கிறாள்.

"வேற என்ன அண்ணி எழுதியிருந்தார்?"

"அதை நீதானே படிச்சே? என்கிட்ட முழுசும் சொல்லல. 'அது எங்க ரெண்டு பேருக்குள்ள'ன்னுட்டார்."

"நான் படிக்கல அண்ணி. சத்தியமாப் படிக்கல. பிரிச்சுப் போட்டுட்டேன்."

அண்ணி நம்பினாளா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. விலாசத்தை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அன்று பிற்பகல் அவள் வேறு வேலை எதுவும் பார்க்கவில்லை. எழுத்துப் பெட்டியின் ஒவ்வோர் அறையாகத் துழாவி, பழைய கறுத்த எழுத்துகளுக்கு நடுவிலிருந்து பளபளவென்று இருந்தவற்றைப் பொறுக்கினாள். முந்நூற்றுச் சொச்சம் தேறியது. மேசையில் கொட்டிப் பார்த்தாள். அண்ணன் அவளுக்குச் சொன்னது முழுக்க அங்கேதான் கிடந்தது, ஓர் எழுத்து குறையாமல். திட்டியிருந்தானா, மன்னிப்புக் கேட்டிருந்தானா, அந்த நாலு பேரைப் பற்றி ஏதாவது சொல்லியிருந்தானா? சாயங்காலம் வரை அடுக்கிப் பார்த்தாள். தான் கேட்க ஆசைப்பட்டதெல்லாம் அந்த எழுத்துகளில் வந்தது. அண்ணன் சொன்னது மட்டும் வரவில்லை.

உட்கார்ந்து கடிதம் எழுதினாள். பட்டறைப் பக்கம் என்று நினைத்ததையும், படிக்காமல் பிரித்துப் போட்டதையும், தான் பேசிய பேச்சுக்கு மூன்று வருஷமாக நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருப்பதையும் ஒளிவுமறைவில்லாமல் எழுதினாள். தெரிந்திருந்தால் செருப்பைக்கூடத் தேடாமல் ஓடி வந்திருப்பேன் என்றும் எழுதினாள். அது உண்மை.

மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. பேனாவால் எழுதிய நாலே வரி.

"நீயா படிக்காம போட்டே? நாலு மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து என் மானத்தை வாங்கினவ நீ. வர இஷ்டமில்லன்னு சொல்லியிருந்தாக்கூட எனக்கு இவ்வளவு வருத்தம் இருந்திருக்காது. இனிமே உன்னைத் தொந்தரவு பண்ண மாட்டேன், நல்லா இரு."

மறுபடி எழுதினாள். அதையும் அடுத்து எழுதிய இரண்டையும் அவன் பிரிக்காமலே திருப்பி அனுப்பினான்.

இப்போது அச்சகத்தில் அவளை யாரும் கழுகு என்று கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால் அவள் திரும்புவதில்லை. வேலையும் முன்போல ஓடவில்லை என்று முதலாளிக்குக் குறை. "அச்சாகி முடிஞ்சதை எதுக்கும்மா இவ்வளவு நேரம் பார்க்கிறே? கயித்தை அவிழ்த்துப் பிரிச்சுப் போட வேண்டியதுதானே?" என்று அன்றைக்கும் கேட்டார்.

"இதோ ஆச்சுங்க" என்றாள் அவள். கயிற்றின் முனையை விரலில் பிடித்தபடி, அந்தச் சோப்பு விளம்பரத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்துக்கொண்டிருந்தாள்.